ஐ.சி.யூ. வாசலில் என்னை நிற்க வைத்தது

என் வீட்டுக்காரர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் இப்படி யாராவது எழுதியிருந்தால் கடைசி வரியைத்தான் முதலில் தேடுவேன், நடுவில் இருப்பதைப் படிக்கத் தைரியம் வராது.

அவருக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. மழை விட்டதும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் புதர் வெட்டுவார்கள், அந்தப் புதரில் இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்தது வலிக்காது, பத்து நாள் போல கழித்துத்தான் காய்ச்சல் தெரியும். அவருக்கும் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தொடங்கியது. மூச்சு வாங்க ஆரம்பித்த அன்று, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்து சேர்வதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. அன்று இரவே டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது சின்ன வயசு டாக்டர் ஒருவர். என் வீட்டுக்காரர் கையைத் தூக்கி அக்குளில் டார்ச் அடித்துப் பார்த்தார். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. "மலையில இருந்தா வர்றீங்க?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாக ஆரம்பித்துவிட்டார்கள். நோய் முற்றியவர்களுக்கு ஒன்றைவிட இரண்டும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று செய்த ஆய்வு 2023இல் வந்திருப்பதாக அவரே அப்புறம் விளக்கினார். நான் வழியெல்லாம் கோட்டை மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவள். அந்த டார்ச்சை அங்கே அடிக்க வைத்தது அவள்தான் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். மருந்து வேறு, சாமி வேறு என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது.

காலையும் மாலையும் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். முதல் நாள் திருநீறு பூசப் போனேன், சிஸ்டர் தடுத்தார். "டியூப் பக்கத்துல தூள் விழக்கூடாதுக்கா, பொட்டலமா குடுங்க, தலைமாட்டுல வைக்கிறேன்" என்று வாங்கி, ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி வைத்தார். அந்தச் சிஸ்டர் கழுத்தில் சிலுவை டாலர். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் முன்னால், மயக்க மருந்தில் கிடக்கிறவரிடம், "அண்ணா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் பேச்சு வந்தது. காயப்போட்ட மிளகைப் பற்றி, பிள்ளை பரீட்சை எழுதியதைப் பற்றி, எங்கள் மலைச் சாமி சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டதைப் பற்றி, எல்லாம் அவர் காதருகில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் வேண்டுதலும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் "உசிரைக் குடு தாயே" என்பது மட்டும்தான். அப்புறம், இன்றைக்கு டாக்டர் சொல்வது எனக்குப் புரிய வேண்டும், கையெழுத்துப் போடச் சொன்னால் கை நடுங்கக் கூடாது, இவ்வளவுதான். மாமியார் என் தலையைத் தடவி, "கேக்கறத கேளு கண்ணு, மிச்சத்த அவகிட்ட உட்ரு" என்றார். விட்டபிறகுதான் எனக்கு இரண்டு வாய் சோறு இறங்கியது.

வெளியே எங்களோடு எடப்பாடிப் பக்கத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், உள்ளே அவர் மனைவி. அவர் வேண்டாத சாமி இல்லை. அந்தம்மா பிழைக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஏறும்போதும் என் கையில் குங்குமம் கொடுத்து, "உங்களுக்காச்சும் நல்லது நடக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பக்தி எனதைவிடக் குறைந்ததா? நம்பினால் பிழைத்துவிடுவார்கள் என்று என் வாயால் யாருக்கும் சொல்ல மாட்டேன். என் சாமி எனக்குக் கொடுத்தது தினமும் அந்தக் கதவைத் தள்ளி உள்ளே போகும் தெம்பை. என் வீட்டுக்காரர் பிழைத்ததும் அவள் கருணைதான், ஆனால் எடப்பாடிக்காரருக்கு அவள் ஏன் தரவில்லை என்று என்னைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

டியூப் எடுத்தபிறகு வந்ததுதான் இன்னும் பயம். கூரையில் அட்டை ஊர்கிறது என்றார், என்னை யார் என்று கேட்டார், கையில் இருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். இது டெலிரியம் என்கிற புத்தித் தடுமாற்றம், ஐ.சி.யூ.வில் பலருக்கு வருவதுதான், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கண்ணாடியை மாட்டிவிடுங்கள், நாளையும் இடத்தையும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார். "ஏங்க, இது சேலம் ஆஸ்பத்திரி, நான் உங்க சம்சாரம், இன்னைக்கு வெள்ளிக்கிழமை." இதையே நாமம் ஜெபிக்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன். மெதுவாகத் தெளிந்தார்.

இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். படுத்தே கிடந்ததில் தொடை இளைத்துவிட்டது, பிசியோதெரபி நடக்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு உருளுதண்டம் வேண்டியிருக்கிறேன், செய்வேன். தோட்டத்துப் பெண்கள் பார்க்க வரும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லி அனுப்புகிறேன்: காய்ச்சல் என்று போனால் புதர் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லுங்கள், கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, தொடை இடுக்கெல்லாம் பாருங்கள், அது எல்லோருக்கும் இருக்காது, இல்லையென்றாலும் சொல்லுங்கள்.