பயிற்சிக்குக் காசு கேட்ட கடிதம் இரண்டாம் தடவை எப்படிக் கையெழுத்தானது

மட்டக்களப்பில் எங்கள் நான்கு பேர் அணியின் வேலை, நெல் கொள்வனவுத் தராசு மென்பொருளைக் கணக்கு மென்பொருளோடும் வங்கியோடும் இணைப்பது. மேல்நிலைப் பயிற்சி கேட்ட முதல் கடிதத்தில் காஃப்கா, ஓஆத் என்று மென்பொருள் இணைப்புத் தொழில்நுட்பங்களின் பெயர்களை அடுக்கியிருந்தோம். "அடுத்த வருசம் பார்ப்போம்" என்று திரும்பி வந்தது. கையெழுத்து கணக்காளருடையது, அவருக்கு அவை வெறும் செலவுத் தலைப்புகள்.

அடுத்த தடவை பிழைப் பதிவேட்டிலிருந்து தொடங்கினோம். மூன்று மாதப் பதிவுக்கு நான்கு நிரல்கள்: என்ன நடந்தது, ஏன், திருத்த எத்தனை மணித்தியாலம், பயிற்சியால் தடுக்கலாமா. உயிர் கடைசி நிரலில். மின்வெட்டுக்கும் வங்கிப் பக்கச் சேவர் நின்றதற்கும் "இல்லை" என்றே போட வேண்டும். எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்ட தாளை யார் நம்புவார்கள்?

திகதிப் பிழைக்கும் "இல்லை"தான். சேவர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்னால் நிற்கும், அதிகாலை 5.30க்கு முன் தராசில் ஏறிய லொறி முந்தின நாள் கணக்கில் விழும். மாதம் பிறக்கும் நாளில் மாதக் கணக்கே பிசகும். அதை நாங்களே திருத்திவிட்டு, திருத்தியதாகவும் எழுதினோம். (கணக்காளர் தேடித் திரிந்த வித்தியாசம் அதுதான்.)

"ஆம்" விழுந்தது ஒரே கொடுப்பனவு இரண்டு தடவை பதிவாகும் பிழைக்கு. பதில் வரப் பிந்தினால் மென்பொருள் அதே பற்றுச்சீட்டை மறுபடி அனுப்பும். முதலாவது ஏற்கெனவே பதிவாகியிருந்தால் விவசாயிக்கு இரண்டு தடவை காசு போகும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் மாறாத அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே தர வைக்க வேண்டும். ஓரிடத்தில் இதைச் செய்தோம், பிழை அடுத்த இணைப்பில் தலைகாட்டியது. மூன்று மென்பொருளுக்கும் சேர்த்து வடிவமைக்கத் தெரியவில்லை என்று அப்படியே எழுதினோம்.

பாடத்திட்டத்தின் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே பதிவேட்டுப் பிழை ஒன்றை எழுதிப் பாருங்கள். பாதி நாட்கள் வெறுமையாக இருந்தால் வேறு பயிற்சி தேடுவது நல்லது.

செலவில் கட்டணம் மட்டும் போதாது. கொழும்புப் பயணம், தங்குமிடம், அந்த நாட்களின் சம்பளம் எல்லாம் சேர வேண்டும். பரீட்சைக் கட்டணம் டொலரில் என்றால் நாணய மாற்றுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். நான்கு பேருக்குக் கேட்காமல் இருவருக்குக் கேட்டோம். திரும்பி வந்தவர்கள் எங்கள் பிழைகளை வைத்தே மற்றவர்களுக்கு நான்கு வகுப்பு எடுப்பதாக எழுதினோம். பெரும்போக அறுவடை மாதங்களைத் தவிர்த்தோம், தராசு ஓயாத காலம் அது.

பயிற்சிக்குப் பிறகு ஒரு வருடம் வேலையை விட்டுப் போகக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அனுமதி கிடைத்தது. பரீட்சைக் காசு மட்டும் சித்தியடைந்த பிறகுதான்.