எத்தனை தடவை?

குடல் நோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு வெட்கம் சீக்கிரம் விட்டுப்போகும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் வரும் நாள்பட்ட நோய்) நோயாளிகள் பலர் மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று தாங்களே முடிவு செய்து, மாதக்கணக்கில் களிம்பு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்தும், "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நான் கேட்பது: "தூக்கத்திலிருந்து எழுந்து கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறதா? போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் முக்க வைக்கிறதா?" அழற்சி இல்லாத வெறும் குடல் எரிச்சல் தூங்குகிறவரைப் பெரும்பாலும் எழுப்பாது. பிறகு அமீபா, பாக்டீரியா தொற்று இல்லையென்று மலப் பரிசோதனையில் உறுதி செய்து, கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும் சிவப்பைப் பார்த்ததும் பாதி தெரிந்துவிடும். இருந்தாலும் பயாப்ஸிக்குத் துளி சதை எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும்.

எண்ணிக்கை கேட்கும்போதுதான் வெட்கம் ஆபத்தாகிறது. "நாலு தடவை இருக்கும் டாக்டர்" என்பார் கணவர். "பத்துக்குக் குறையாது" என்பார் பக்கத்தில் இருக்கும் மனைவி. நான் மனைவியின் கணக்கைத்தான் எழுதிக்கொள்வேன். 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற மருத்துவர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் கையாள்கிறோம்: நாளுக்கு 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல், 90ஐத் தாண்டிய நாடித்துடிப்பு, ரத்தசோகை போன்ற ஏதாவது ஒன்று இருந்தாலும் நோய் கடுமையானது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். குறைத்துச் சொன்னவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

சிகிச்சையிலும் இதே கதை. நோய் மலக்குடலோடு நின்றிருந்தால், அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மருந்தை வாய்வழியாகக் கொடுப்பதைவிட சப்போசிட்டரியாக, அதாவது ஆசனவாயில் வைக்கும் மருந்தாக, வைப்பது நன்றாகக் கேட்கும். "பின்னாடியா? மாத்திரையே எழுதுங்க டாக்டர்." கையில் அடிபட்டால் கட்டு எங்கே போடுவீர்கள் என்று கேட்பேன். சிரிப்பார்கள், ஆனால் வாங்கிப்போய் அலமாரியில் வைத்துவிடுவார்கள். செவிலியர் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் எடுபடுகிறது. ஸ்டீராய்டு மட்டும் எல்லோருக்கும் பிடிக்கும், சில நாளிலேயே ரத்தம் நிற்பதால். நோயை நிரந்தரமாக அடக்கிவைக்க அது உதவாது. எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும். அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வைப்பது தனிப் போராட்டம்.

நோய் மலக்குடலைத் தாண்டிப் பரவியவர்களை, அறிகுறி தொடங்கி 8 வருடம் ஆனதும் புற்றுநோய்க் கண்காணிப்புக்காக மறுபடி கொலனோஸ்கோப்பிக்குக் கூப்பிடுகிறோம். அதற்குள் ஆள் மாறியிருப்பார். வெளிக்குப் போன கதையை நிறம், அளவு என்று விலாவாரியாகச் சொல்வார். வெளியே காத்திருப்பவர்களை நினைத்து நான்தான் "சரி, அப்புறம்?" என்று நகர்த்த வேண்டியிருக்கும்.