'இன்று' என்றால் நேற்று

டெஸ்க்குக்குப் புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு பழைய பேப்பரையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்துவிடுவேன். 2016 நவம்பர் 9, புதன்கிழமை, எங்கள் வெளியூர்ப் பதிப்பு. "தப்பைக் கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது பாதிப் பேர் உள்பக்கங்களில் ஒற்றெழுத்துகளைச் சுழித்துக்கொண்டிருப்பார்கள். தப்போ முதல் பக்கத்திலேயே, எட்டுப் பத்தி அகலத்துக்கு மல்லாந்து கிடக்கும்.

"500, 1000 ரூபாய் நோட்டு இன்று நள்ளிரவு முதல் செல்லாது."

போட்டவன் நான்தான்.

முந்தின நாள், நவம்பர் 8, பிரதமர் மோடி முப்படைத் தளபதிகளைச் சந்தித்தார் என்று செய்தி வந்திருந்தது. இரவு எட்டு மணிக்கு டிவியில் பேசப்போகிறார் என்றார்கள். எல்லை தாண்டிய துல்லியத் தாக்குதல் நடந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. சண்டைதான் என்று டெஸ்க்கே முடிவு கட்டி, ஒரு பீரங்கிப் படத்தைத் தேடி எடுத்து முதல் பக்கத்தில் உட்காரவைத்தாயிற்று. அவர் இந்தியில் ஆரம்பித்தார். எங்களில் இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர். "ஏதோ ஐந்நூறு, ஆயிரம்ங்கிறாரு சார்" என்றார்.

"நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்று பதறினார் எங்கள் சீஃப் சப், அதாவது தலைமைத் துணையாசிரியர்.

அதையே பிரதமர் ஆங்கிலத்தில் மறுபடி சொன்னபோதுதான் விளங்கியது. அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் அவரவர் சட்டைப்பைக்குப் போனது. பீரங்கியை இறக்கிவிட்டு நோட்டுக்கட்டுப் படத்தை ஏற்றினோம். ஏழு வாரமாக முதல் பக்கத்தைவிட்டு நகராமல் இருந்த முதல்வர் ஜெயலலிதா உடல்நிலைச் செய்திகூட அன்றைக்கு உள்ளே போனது.

வெளியூர்ப் பதிப்பு அச்சுப் பிளேட்டுக்குப் போக அரை மணி நேரம்தான் இருந்தது. ஏஜென்சி செய்தியில் 'இன்று நள்ளிரவு' என்று இருந்தது. அதையே தூக்கித் தலைப்பில் வைத்தேன். ராத்திரி எழுதுகிறவனுக்கு இன்று என்பது காலையில் படிக்கிறவருக்கு நேற்று. இந்தத் தொழிலில் அரிச்சுவடி அதுதான். 'இன்று' என்ற சொல்லைப் பார்த்தாலே கை தானாக 'நேற்று' என்று அடிக்கிற அளவுக்குப் பழகியிருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் கை தூங்கிவிட்டது. நகரப் பதிப்பில் திருத்திவிட்டோம். அதற்குள் வெளியூர் பண்டல்கள் வேன் ஏறிவிட்டன.

காலை ஆறு மணிக்கே போன் அடித்தது. ஒரு பெரியவர்.

"தம்பி, இன்னைக்கு நள்ளிரவு முதல்னு போட்டிருக்கீங்க. அப்ப பகல்ல கடைகண்ணிக்குப் போயி மாத்திக்கலாம்ல?"

"ஐயா, அது நேத்து நள்ளிரவுங்க."

"நேத்துன்னா நேத்துன்னு போட வேண்டியதுதானே?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு பேங்க்கும் கிடையாது, ஏடிஎம்மும் மூடிக் கிடந்தது. பெட்ரோல் பங்க், ரயில் டிக்கெட், அரசு ஆஸ்பத்திரி என்று வாங்கக்கூடிய இடங்களைப் பட்டியல் படித்துக் காட்டினேன். "எனக்கு ஒடம்பும் நல்லாத்தான் இருக்கு, வண்டியும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தலைப்பைக் கண்டுபிடித்துவிடுகிற பிள்ளைகளை அடுத்த பக்கங்களுக்கு அனுப்புவேன். நாளிதழ் என்று பேர்தானே தவிர, அது ஒரே நேரத்தில் உருவாவதில்லை. வரி விளம்பரம் மாலை நாலு மணிக்கே மூடிவிடும். அதனால் முதல் பக்கம் 'செல்லாது' என்று அலற, ஆறாம் பக்கத்தில் ஒரு மனை விளம்பரம் 'முழு ரொக்கம் தருவோருக்குச் சிறப்புத் தள்ளுபடி' என்று நிம்மதியாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

தேர்தல் பக்கம் இன்னும் அழகு. மே மாதம் பணப் பட்டுவாடா புகாரில் தேர்தல் ரத்தான அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளுக்கும், கூடவே திருப்பரங்குன்றத்துக்கும் நவம்பர் 19 வாக்குப்பதிவு. பறக்கும் படை காரை மறித்து ரொக்கத்தைப் பிடித்த செய்தியை மாலையிலேயே மூன்று பத்தி அகலத்துக்கு வைத்திருந்தோம். 'ரூபாய் நோட்டுக் கட்டுகள் சிக்கின' என்று தலைப்பு. அதைக் கொடுத்த நிருபர் இரவு போன் செய்து, "சார், இனிமே மறிக்கவே வேணாம், அவங்களே வண்டிய நிறுத்திக் குடுத்துருவாங்க" என்றார்.

அமெரிக்காவில் அப்போது ஓட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பக்கத்தின் அடியில் ஹிலாரி கையசைக்கும் படம், மேலே 'அமெரிக்காவின் முதல் பெண் அதிபர்?' என்று தலைப்பு. கேள்விக்குறி சீஃப் சப் கைங்கரியம். "போட்டு வைப்பா, சம்பளம் பிழைக்கும்" என்றார். மறுநாள் மதியம் டிரம்ப் ஜெயித்துவிட்டார் என்று ஆனபோது எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு கொக்கிதான். ஹிலாரியின் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் முழுப் பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அது அச்சேறவே இல்லை.

விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் ஒரு பிழையும் கிடையாது. ராஜ்கோட்டில் இங்கிலாந்துடன் முதல் டெஸ்ட் 'இன்று தொடக்கம்' என்று போட்டிருந்தோம், அப்படியே தொடங்கியது. அதைப் போட்டவர்தான் அந்த இந்தி தெரிந்தவர்.

கடைசியாக ராசிபலன். அது ஒரு வாரம் முன்பே வந்துவிடும், யாரும் படித்துப் பார்த்து அனுப்புவதில்லை. அன்றைய ரிஷபத்துக்கு 'நீண்ட நாள் பாக்கி வசூலாகும்' என்று இருந்தது.

பத்து மணிக்கு, தூங்காத கண்ணோடு திட்டு வாங்குவதற்காக ஆபீசுக்குப் போனேன். கீழே சர்க்குலேஷன் பிரிவு வாசலில் கூட்டம். மாதக்கணக்கில் பாக்கி வைத்து, போனை எடுக்காமல் ஓடி ஒளிந்த ஏஜென்ட்டுகள் எல்லாம் கையில் மடித்த ஐந்நூறு ரூபாய்க் கட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

"நேத்தோட செல்லாதுங்க" என்றார் ஈனஸ்வரத்தில்.

முன்னால் நின்ற ஏஜென்ட் எங்கள் பேப்பரை விரித்து அவர் மேஜைமேல் வைத்தார். "இன்னைக்கு நள்ளிரவு வரைக்கும் செல்லும்னு உங்க பேப்பர்தானே சார் போட்டிருக்கு."

மேனேஜர் ரிஷப ராசி.