ஃபட்டோர்டாவில் ஏழாம் எண்ணுக்காகக் காத்திருந்தோம்

2025 ஆகஸ்ட் 15 அன்று கோவையிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கோவா குரூப்ல ரொனால்டோவோட அல் நாசர் வந்திருக்குங்க. உங்க வீட்டுல எடம் இருக்குமில்ல?" ஆட்டம் எந்தத் தேதியில் என்றுகூட அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. தங்க இடம் மட்டும் முதலில் உறுதியாகிவிட்டது.

நான் கோவாவின் வாஸ்கோவில் குடியேறிப் பன்னிரண்டு வருடமாகிறது. இந்தியக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் ஆட்டங்களுக்கு மட்கான் ஃபட்டோர்டா மைதானத்துக்குப் போவது வழக்கம். ஆனால் இந்த முறை ஐஎஸ்எல் எப்போது தொடங்கும் என்பதே தெரியாமல் ஒத்திப்போடப்பட்டிருந்தது. சூப்பர் கோப்பையை வென்றிருந்த எஃப்.சி. கோவா, ஆகஸ்ட் 13 அன்று ஓமனின் அல் சீப் அணியை 2-1 என வீழ்த்தி, ஆசியக் கிளப் அணிகளுக்கான ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் டூவுக்குள் நுழைந்தது. இரண்டே நாளில் எந்த அணி எந்தப் பிரிவு என்ற குலுக்கல். ஒரே பிரிவில் ரொனால்டோவின் சவூதி அணியான அல் நாசர்! ஊரில் போர்ச்சுகல் என்றாலே தனிப் பாசம் உண்டு. 1961 வரை அவர்கள் ஆண்ட மண், இன்றும் போர்ச்சுகல் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. என் மீன்காரம்மாகூட "வருவாரா?" என்றுதான் கேட்டார். யார் என்று சொல்லவே இல்லை.

டிக்கெட் எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே கடுப்பு. செயலியில் வரிசை நகர்ந்தது, பணம் கட்டும் இடத்தில் சுற்றிக்கொண்டே நின்றது, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முயற்சியில் இரண்டு இருக்கை கிடைத்தது. வழக்கமாக நான் கொடுப்பதைவிடப் பல மடங்கு விலை. என் மனைவியிடம் பாதித் தொகையைத்தான் சொன்னேன்.

பயணம் அவன் பாடு. ஆட்டம் அக்டோபர் 22, புதன்கிழமை. தீபாவளி 20. ரயிலில் காத்திருப்போர் பட்டியல் அசையவே இல்லை. கடைசியில் பலகாரம் தின்ற கையோடு பெங்களூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று வந்து சேர்ந்தான். பையில் அக்கா கொடுத்துவிட்ட அதிரசமும், ரொனால்டோவின் ஏழாம் எண் போட்ட மஞ்சள் ஜெர்சியும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரொனால்டோ வராமல் போகலாம் என்பதற்கான அறிகுறிகள் எல்லாமே கண்முன்னால்தான் இருந்தன. இதே தொடரில் செப்டம்பரில் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோலுக்கு எதிராக அல் நாசரின் சொந்த ஊரில் நடந்த ஆட்டத்திலேயே அவர் இல்லை. அக்டோபர் 1 அன்று ஈராக்கில் அல் ஜவ்ராவுக்கு எதிராகவும் இல்லை. அந்த மாதக் கணக்கையும் பாருங்கள்: 11ஆம் தேதி போர்ச்சுகலுக்காக அயர்லாந்துடன், 14ஆம் தேதி ஹங்கேரியுடன் (அதில் இரண்டு கோல்), 18ஆம் தேதி சவூதி லீக்கில் அல் ஃபத்தேயுடன். நாற்பது வயதுக்காரர் எட்டு நாளில் மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறார். அடுத்து கோவாவுக்கு விமானம் ஏறுவாரா? இதையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்துவிட்டு, "இந்தியா ஆச்சே, வராம இருப்பாரா" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு விலை கொடுத்த பிறகு மூளை அப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

ஆட்டத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது: அணி வருகிறது, அவர் வரவில்லை. மருமகன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "பொய்ச் செய்தியா இருக்குமுங்களா மாமா?" அணி வந்து இறங்கிய வீடியோவை நான்கு முறை ஓட்டிப் பார்த்தான், ஏதோ ஒரு தொப்பிக்குள் தலைவன் ஒளிந்திருப்பது போல. அப்புறம் அதிரசத்தை எடுத்துத் தின்ன ஆரம்பித்தான். சரி, ஆள் தேறிவிடுவான் என்று தெரிந்தது.

ஏழே காலுக்கு ஆட்டம். நாலரைக்கே மட்கான் போய்விட்டோம், அதுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் எதையும் எடுத்துப் போகவில்லை. வழக்கமான ஆட்டங்களிலேயே வாசலில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். வெளியே நின்று ஆளுக்கொரு ரோஸ் ஆம்லெட் சாப்பிட்டோம். முட்டை மேல் கோழிக் குழம்பை ஊற்றிப் பாவ் ரொட்டியோடு தருவது. சுற்றிலும் பார்த்தால் கோவாவின் ஆரஞ்சு ஜெர்சிக்கு நடுவே ஏழாம் எண் மஞ்சள் ஜெர்சிகள் எங்கெங்கும். வராதவருக்காகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மருமகனுக்கு அதில் ஒரு ஆறுதல்.

பத்தாவது நிமிடத்தில் அல் நாசரின் ஏஞ்சலோ கோல் போட்டார். 27ஆவது நிமிடத்தில் கமாரா. முந்தைய இரண்டு ஆட்டத்திலும் 0-2 என்று தோற்ற அணி எங்களுடையது. இன்றைக்கு ஐந்தாறு வாங்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். 41ஆவது நிமிடத்தில் எங்கள் பிரைசன் ஃபெர்னாண்டஸ் ஒரு கோலைத் திருப்பினார். கோவா மண்ணின் பையன். பிரிவுச் சுற்றில் எஃப்.சி. கோவாவின் முதல் கோல் அதுதான். மைதானத்தின் கூரையே பெயர்ந்து விழும் போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், ஏழாம் எண் ஜெர்சிக்காரன் எனக்குப் பின்னால் இருந்த யாரோ ஒரு பெரியவரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்கிறான். அவர் கொங்கணியில் கத்த, இவன் கோவைத் தமிழில் கத்த, அரை நிமிடம் நல்ல உரையாடல்.

ரசிகர் ஒருவர் பாதுகாப்பைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடி, அல் நாசர் வீரர் ஜோவாவ் ஃபெலிக்ஸிடம் செல்ஃபி கேட்டது இன்னொரு கூத்து. சமன் செய்துவிடுவோம் என்று கடைசி வரை இருக்கையின் நுனியில் இருந்தோம். 2-1 என்றே முடிந்தது. வெளியே வர அரை மணி நேரம், வாஸ்கோ வந்து சேர நள்ளிரவு.

மறுநாள் காலையில், "சிலையையாவது பாத்துட்டுப் போலாங்க மாமா" என்றான். கலங்குட்டில் 2021 டிசம்பரில் ரொனால்டோவுக்குச் சிலை வைத்தார்கள், 410 கிலோ. நம் ஊர் ஆட்டக்காரர்களுக்கு வைக்காமல் போர்ச்சுகல்காரருக்கு எதற்கு என்று அப்போது கறுப்புக் கொடியெல்லாம் காட்டினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் ஸ்கூட்டரில் அவனை அழைத்துப் போனேன். அதே மஞ்சள் ஜெர்சியில் சிலையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். வீடு திரும்புவதற்குள் அக்கா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "ரொனால்டோவுடன் என் மகன்" என்று போட்டிருந்தார். பொள்ளாச்சிச் சித்தப்பா மட்டும், "அவரு ஏன் இவ்வளவு வெறப்பா நிக்கிறாரு?" என்று கேட்டிருந்தார்.