சுவர் இல்லாத தளம்

பின்லாந்தின் துர்க்குத் துறைமுகத்தில் எங்கள் கார் வரிசையில் நின்றபோது முன்னால் ஒரு லாரியின் முதுகுதான் தெரிந்தது. வரிசை நகர்ந்து சாய்தளத்தில் ஏறியது. சக்கரங்களுக்கு அடியில் இரும்பு தடதடத்தது. நிமிர்ந்து பார்க்கும்போது கப்பலின் வயிற்றுக்குள் இருந்தோம்.

வைக்கிங் கிரேஸ். நீளம் 218 மீட்டர், 2,800 பேர் பயணம் செய்யலாம். இதே துர்க்குவில் கட்டப்பட்டு, 2013 ஜனவரியிலிருந்து பின்லாந்துக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே ஓடுகிறது. மேலே உணவகம், கடைகள், இசை மேடை எல்லாம் உண்டு. என் மனம் என்னவோ கீழே இருந்த வாகனத் தளத்தை விட்டு நகரவில்லை.

ஒரு நீண்ட கூடம். தரையில் பூவிதழ் வடிவில் சிறு குழிகள். பணியாளர் ஒருவர் சங்கிலியின் கொக்கியை அதில் மாட்டி, மறுமுனையை ஒரு டிரெய்லரின் அடியில் கோத்து, நெம்பி இறுக்கினார். சங்கிலியை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு நாங்கள் படியேறினோம். கப்பல் கிளம்பிவிட்டால் பயணிகள் யாரும் இங்கே இறங்க முடியாது.

சாதாரணக் கப்பலின் உடலைக் குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகத் தடுத்திருப்பார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை கப்பலைத் தாங்கும். வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் இதுபோன்ற ஃபெர்ரியிலும் வாகனத் தளத்துக்குக் கீழே அப்படித்தான். ஆனால் வாகனத் தளத்தில் லாரிகள் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டும், அதனால் குறுக்கே சுவர் வைக்க முடியாது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கி நடந்து பாருங்கள்: லேசாகச் சாய்ந்தாலும் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். வாகனத் தளத்தில் தண்ணீர் ஏறினால் கப்பலுக்கும் அதே கதிதான்.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீப்ருகே துறைமுகத்திலிருந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற ஃபெர்ரி முன்கதவை மூடாமலே கிளம்பியது. கதவு திறந்திருப்பதைக் கேப்டனுக்குக் காட்ட ஒரு விளக்குகூட இல்லை. சில நிமிடங்களில் கவிழ்ந்தது, 193 பேர் இறந்தார்கள். 1994 செப்டம்பர் 28 அதிகாலையில், பால்டிக் கடலின் புயலில் எஸ்டோனியா என்ற ஃபெர்ரியின் முன்மூக்கே பிய்ந்து விழுந்தது. 852 உயிர்கள். அந்தக் கப்பல் 1980-ல் வைக்கிங் சாலி என்ற பெயரில் நாங்கள் போன இதே தடத்தில்தான் ஓடத் தொடங்கியது.

இன்று கதவுகளின் நிலையைக் காட்டும் விளக்குகளும் கேமராக்களும் கப்பலை இயக்கும் அறையில் கட்டாயம். முன்கதவுக்கு உள்ளே இன்னொரு கதவும் இருக்க வேண்டும். வட ஐரோப்பிய நாடுகள் 1996-ல் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் அதற்கு மேலும் போனது: மோதலில் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து, வாகனத் தளத்தில் அரை மீட்டர் வரை தண்ணீர் நின்றாலும் கப்பல் கவிழாதபடி வடிவமைக்க வேண்டும். பயணிகள் யாரும் கவனிக்காத ஓர் எண் அது. எனக்கு எங்கள் கப்பலிலேயே பிடித்த அம்சம் அதுதான்.

இரவு ஒன்பதுக்குச் சற்று முன் கிளம்பினோம். தீவுகளுக்கு நடுவே குறுகலான பாதை. கரைகளை அலை அரிக்காதபடி கப்பலின் அடிவடிவத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். எரிபொருள் திரவ இயற்கை எரிவாயு. மைனஸ் 162 டிகிரியில் குளிர்ந்து, இரண்டு பெரிய தொட்டிகளில் கப்பலின் பின்முனையில் திறந்தவெளியில் இருக்கிறது. கேபினில் எஞ்சின் சத்தமே இல்லை. மேசையில் வைத்த தண்ணீர் டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வளையம்கூட எழவில்லை. அப்புறம் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

காலை ஆறரைக்கு ஸ்டாக்ஹோம். காரை எடுத்துக்கொண்டு நேராக யூர்கோர்டன் தீவுக்குப் போனோம். அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் எஸ்டோனியாவின் நினைவிடம் இருக்கிறது. முக்கோணமாக மூன்று கருங்கல் சுவர்கள், நடுவே ஒரு மரம். கல்லில் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் மேலே படிக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

அதை ஒட்டியே வாசா அருங்காட்சியகம். 1628-ல் முதல் பயணத்தில் ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கிய போர்க்கப்பல் அது. கிளம்புவதற்கு முன் முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, மூன்றாவது ஓட்டத்தோடு சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அனுப்பினார்கள். ஒரு காற்று வந்து சாய்த்ததும் கீழ்வரிசை பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்தது.

1961-ல் தூக்கி எடுத்த அந்தக் கப்பல் இப்போது முழுசாக நிற்கிறது. கீழே போய் அந்தத் துளைகளுக்கு நேராக நின்றேன். மூடிகளின் உட்பக்கம் சிங்க முகங்கள் செதுக்கியிருந்தன. எல்லா மூடிகளும் திறந்தே இருந்தன.