கோத்திக்னா கீபோர்டு இல்லய்யா

அண்ணாநகர் டீக்கடையில பங்காளி ஒருத்தன் சோகமான, கனமான ராக் இசையப் பத்தி பேசுறப்ப 'கோத்திக் மெட்டல்னா பொம்பள குரலும் கீபோர்டும் தானப்பா'ன்னான், சுர்ருன்னு ஏறிருச்சு.

பாரடைஸ் லாஸ்ட்ங்கற பேண்டோட 1991 'கோத்திக்' ஆல்பத்த முழுசா கேட்டவன் அப்படி பேசமாட்டான். அதுல பொம்பள குரல் அங்கங்க எட்டிப்பாத்துட்டு போகும் அவ்ளோதான், பாடகர் நிக் ஹோம்ஸ் அடித்தொண்டையில உறுமிக்கிட்டே கெடப்பாரு, அதுக்கு மேல கிரெக் மெக்கின்டோஷ் கிட்டாரு நம்ம மதுரப் பக்கத்து ஒப்பாரி மாதிரி ஒரே வரிய இழுத்து இழுத்து அழும், ஆல்பத்தோட உசுரே அந்த லீடு கிட்டாருதான். டிரம்ஸ் சவுண்டு சுமாரு, ஒத்துக்கிறேன்.

1993ல அவங்களோட 'ஐகான்' ஆல்பம் வந்தப்ப ஹோம்ஸ் உறுமல கொறச்சுட்டாரு, சவுண்டும் பளிச்சுன்னு ஆச்சு, அந்த அழுக்கு போயிருச்சு... எனக்கு அழுக்குதான்யா வேணும். அதே வருசம் மை டையிங் பிரைட்ங்கற இன்னொரு பேண்டு வயலின வச்சு 'டர்ன் லூஸ் த ஸ்வான்ஸ்' ஆல்பத்துல பண்ணுனது இதவிட கனம், எடுத்தவுடனே பிடிக்காது, ஹெட்போன்ல சத்தமா கேளுங்க.