சாப்பாட்டோடு போடும் மாத்திரை

டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் தாதியான என்னிடம் பொட்டாசியத்தைப் பற்றிக் கேட்பார்கள், உடம்பில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்பார்கள். பாராதைராய்டு என்று நான் ஆரம்பித்தால், "தைராய்டா மிஸ்ஸி? எனக்கு அது இல்லையே" என்பார்கள். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் அரிசி அளவுச் சுரப்பிகள், பெரும்பாலோருக்கு நான்கு. இரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்கும், வைட்டமின் டி உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவது குறையும், கால்சியம் இறங்கும். உடனே அந்தச் சுரப்பிகள் ஓயாமல் ஹார்மோனைச் சுரந்து, எலும்பில் இருக்கும் கால்சியத்தை எடுக்கத் தொடங்கிவிடும்.

ஆரம்பத்தில் வலியே இருக்காது. எனக்குப் பெரிய கவலை அதுதான். அரிப்பு எடுத்தால் தோல் வறட்சி என்று எண்ணெய் தேய்ப்பார்கள். எலும்பு வலித்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள்.

ஓர் ஆண்ட்டிக்கு மாதாமாதம் பாஸ்பரஸ் ஏறியே இருந்தது. மாத்திரை ஒன்றுகூட விடுவதில்லை என்றார். அது உண்மைதான். "எப்பம்மா போடுறீங்க?" என்று கேட்டதும் விஷயம் தெரிந்தது. எல்லா மாத்திரையையும் சேர்த்து விடியற்காலையில், வெறும் வயிற்றில். அதில் பாஸ்பரஸுக்கான மாத்திரை, பாஸ்பேட் பைண்டர், சாப்பாட்டோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளும். மதியம் தேக்கா உணவங்காடியில் சாப்பிடும் நெத்திலிக் கருவாட்டுக்கு விடியற்காலை மாத்திரை என்ன செய்யும்? வாரம் 3 முறை, 4 மணி நேரம் இயந்திரத்தில் படுத்தாலும் சாப்பாட்டில் சேரும் பாஸ்பரஸ் முழுவதும் போகாது. சில்லறைப் பர்ஸில் மாத்திரையை வைக்கச் சொன்னேன். சாப்பாட்டுக்குக் காசு எடுக்கும்போது கையில் தட்டுப்படும். அப்புறம் அளவு மெல்ல இறங்கியது.

பாஸ்பரஸ் ஏறுவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் பாராதைராய்டு சுரப்பிகள் பெருத்துப்போய், மருந்துக்கும் அடங்காமல், அவற்றை அகற்றும் அறுவை சிகிச்சை வரை போகலாம். அதன் பிறகு பட்டினி கிடந்த எலும்புகள் கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும்; இரத்தத்தில் அளவு சடசடவென்று இறங்கும். அப்படித் திரும்பி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகிறதா என்றுதான்.

முடிந்தால் வீட்டில் சமைக்கிறவரையும் ஒருநாள் அழைத்து வரச் சொல்கிறேன். பல வீடுகளில் மாத்திரைப் பெட்டி அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.